பொறியியலும் பொதுக்கொள்கையும் சேர்ந்த மேற்படிப்பு: எங்கே, எப்படி?

மண்டபம்_சிவில்: பி.இ. சிவில் கடைசி வருஷம். கடலோரக் குடிநீர்ப் பிரச்சினையில் வேலை செய்ய ஆசை. வெறும் எம்.டெக். போதாது, அரசு எப்படி முடிவெடுக்கிறது என்பதையும் படிக்கணும். எந்தப் படிப்பு சரி? கேட் நுழைவுத்தேர்வு அவசியமா? எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை) நம்ம ஊர் விஷயத்தை எழுதலாமா?

உப்புக்காத்து: தம்பி, முதலில் ஒன்றை முடிவு பண்ணுங்க: கணக்குப் போடுறது உங்க கையில் இருக்கணுமா, அடுத்தவர் போட்ட கணக்கை வைத்துக் கொள்கை எழுதணுமா?

கணக்கு கையில் இருக்கணும்னா ஐஐடி பம்பாயின் ‘டெக்னாலஜி அண்ட் டெவலப்மெண்ட்’ எம்.டெக். கிராமத்தில் களவேலை பாடத்திலேயே உண்டு. கேட் வேணும், மாத உதவித்தொகை 12,400 ரூபாய். கொள்கைப் பக்கம்னா ஐஐடி பம்பாய், ஐஐடி டெல்லி இரண்டிலும் இரண்டாண்டு எம்.பி.பி. (பொதுக்கொள்கை முதுகலை) இருக்கு.

வெளிநாட்டில், அமெரிக்காவின் எம்ஐடியில் ‘டெக்னாலஜி அண்ட் பாலிசி’ இரண்டு வருஷம். ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணமும் செலவும் அதிலேயே அடங்கும். அங்கேயே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் பொதுக்கொள்கையும் சேர்ந்த தனித்துறை இருக்கு, பிஎச்.டி.க்குப் பேர்போனது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் இதே வகை இரண்டாண்டு எம்எஸ்சி நல்ல படிப்புதான், ஆனா கட்டணத்துக்கு நீங்களே வழி பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. கேட் மார்க் வந்தால் சீட் தானா வரும்னு இருந்துடாதீங்க. அந்தந்த ஐஐடி தளத்தில் தனியா விண்ணப்பிக்கணும். ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும்.

தரவைக்காரன்: ஊர் விஷயத்தைத் தாராளமா எழுதுங்க. ஆனா ‘என் மக்களுக்குச் சேவை’ என்று தொடங்காதீங்க, அதைத்தான் எல்லோரும் எழுதுவாங்க. ஒரு எண்ணும் ஒரு விதியும் முட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டுங்க.

உதாரணமா, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை போட்ட ஊர் நரிப்பையூர். இந்த மாதிரி, சவ்வு வழியா அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ ஆலையில் 40 சதவீதம் நல்ல தண்ணீர் கிடைக்கும்னு வைங்க. தினம் 10 லட்சம் லிட்டர் வேணும்னா 25 லட்சம் லிட்டர் கடல்நீர் எடுக்கணும். மிச்சம் 15 லட்சம் லிட்டர் திரும்பக் கடலுக்குப் போகும். லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு அதில் சுமார் 58 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் மின்சாரம் என்றால் தினம் 4,000 யூனிட்.

இதுவரை பொறியியல். இனி கொள்கை: மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, கடற்புல். அடர்ந்த உப்புநீர் கனமானது, கலக்காமல் விட்டால் அடியில் தங்கி முதலில் கடற்புல்லைத்தான் தொடும். வெளியேற்றும் குழாயை எவ்வளவு தூரம் நீட்டுவது, அந்தச் செலவு தண்ணீர்க் கட்டணத்தில் ஏறுமா, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதியில் யார் அளந்து பார்ப்பது? இந்த மூன்றில் ஒன்றை எடுத்து ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

கூடவே நுண்பொருளியல், புள்ளியியல் இரண்டையும் என்பிடெலில் (ஐஐடிகளின் இணையவழிப் பாடத் தளம்) படிச்சு, தேர்வும் எழுதிடுங்க. சிவில் ஆட்களிடம் தேர்வுக்குழு தேடும் குறை இதுதான்.

மண்டபம்_சிவில்: ரொம்ப நன்றி அண்ணே. ஆலையின் நிஜ எண்கள் எப்படிக் கிடைக்கும்?

தரவைக்காரன்: தகவல் உரிமை மனு, 10 ரூபாய்தான். ஆலை யார் பொறுப்பில் இருக்கோ அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. ‘ஏன் உற்பத்தி குறைந்தது’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திருப்பிடுவாங்க. ‘இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை தினசரி உற்பத்திப் பதிவேட்டின் நகல், மின்கட்டண ரசீது நகல்’ என்று ஆவணத்தின் பேர் சொல்லிக் கேளுங்க. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் நாள் பிடிக்கும். வெளிநாட்டு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் முடிஞ்சுடும், அதனால் ஆகஸ்டுக்குள் மனுவைப் போட்டுடுங்க.