12 அடிச் சுவரில் ஓர் அடி ஏற்றம்

திருப்பூரில் எங்கள் வீட்டு மாடியில் நூல் கோன் அடுக்கி வைத்திருந்த அறை காலியானதும், அதில் மாதிரி ரயில் விடுவது என்று முடிவு செய்தேன். 12-க்கு 10 அடி அறை. எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பெரிய அறையாகத்தான் தெரியும், ஆனால் ஒரு ஐசிஎஃப் பெட்டியே, அதாவது நம் ரயில்களில் பார்க்கிற பழைய வகைப் பயணிகள் பெட்டியே, இந்த அளவில் 24 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, எட்டுப் பெட்டியும் எஞ்சினும் நிற்கவே ஏழு அடி போய்விடும். அதனால் இரண்டு தட்டு: கீழே போத்தனூர், மேலே மேட்டுப்பாளையம்.

இரண்டையும் எப்படி இணைப்பது? ஊட்டி ரயில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை கிட்டத்தட்ட 12-க்கு 1 ஏற்றம், 12 அடி போனால் ஓர் அடி ஏறும். என் நீளச் சுவரும் 12 அடி. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. ஆசாரியை வைத்துச் சுவரோரமாகச் சாய்வாகப் பலகை அடித்து, தண்டவாளமும் ஒட்டிவிட்டேன். மூன்று பெட்டிக்கு மேல் கோர்த்தால் எஞ்சின் பாதி ஏற்றத்தில் நின்று சக்கரம் மட்டும் சுற்றியது. எஞ்சினுக்குள் ஈயத் துண்டு வைத்து எடை ஏற்றினேன், தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஒரு மாதம் இப்படியே போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். ரயில்வேயில் பாதைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலே சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டு, என்னங்க அது என்று மாடிக்கே வந்துவிட்டார். ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார்.

“ஏந்தம்பி, போத்தனூர்ல இருந்து மேட்டுப்பாளையம் எறக்கமாச்சுங்களே. நீங்க ஏத்தீட்டு இருக்கறீங்க.”

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. போத்தனூர் இருக்கிற கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல், மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர்தான். மலை அடிவாரம் என்பதால் உயரமாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் சாய்வைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊட்டி லைனில் நடுவில் பல் தண்டவாளம் இருப்பதையும், எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதையும் சொன்னார். வெறும் சக்கரப் பிடிமானத்தை வைத்துக்கொண்டு 12-க்கு 1 ஏற நினைப்பது ஆகாது, வளைவு வந்தால் அந்த ஏற்றத்தையும் குறைக்கோணும், பிராட்கேஜில் ஒரு டிகிரி வளைவுக்கு 0.04 சதவீதம் கழிப்பார்கள் என்றார்.

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். இந்த முறை முதலில் உயரங்களை மட்டும். இதைத்தான் புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாதை பிரிகிற பாயின்ட் எங்கே, பெட்டிகள் நிற்கிற யார்டு எங்கே என்பதெல்லாம் பிறகு. நான்கு சுவரையும் பக்கவாட்டில் பார்ப்பது போல ஒரு நீளத் தாளில் வரைந்து, எந்த இடம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிவிட வேண்டும்.

போத்தனூர் மேலே 135-க்குப் போனது, மேட்டுப்பாளையம் கீழே 95-க்கு வந்தது. இடையில் 40. முன்பு வைத்திருந்த 30-ல் மேல்தட்டின் சட்டமும் பலகையும் ஏழு சென்டிமீட்டரைத் தின்றுவிட, பின்வரிசையில் கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை நுழையவில்லை. இப்போது கீழ்த்தட்டு 45 ஆழம், மேல்தட்டு 30. அது அட்டாலி மாதிரி தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்காது, கீழேயும் வெளிச்சம் விழும்.

இணைப்புக்கு மூலையில் ஒரு ஹெலிக்ஸ், அதாவது சுற்றிச் சுற்றி ஏறுகிற சுருள் பாதை. ஆரம் 76 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 478 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் ஏற்றம், 48-க்கு 1 வருகிறது. 12 மில்லிமீட்டர் பிளைவுட், கார்க், தண்டவாளம் எல்லாம் போக ரயில் நுழைய எட்டு சென்டிமீட்டர் இருக்கிறது. நான்கு சுற்று, 19 மீட்டர் பாதை. அறையில் கால்வாசி இதற்கே போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, பெட்டி ஒன்றுகூடச் சறுக்காமல் எட்டும் ஏறி வருவதைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது. தாங்குவதற்கு மரக்கட்டை வைக்காமல், ஃபால்ஸ் சீலிங் தொங்கவிடுகிற திரெட் ராடு வாங்கிப் பலகையின் மேலும் கீழும் நட்டு போட்டேன். கால் சுற்று நட்டைத் திருப்பினால் பலகை மயிரிழை அளவு ஏறும். ஸ்பேனரும் கையுமாக, ஒரு காலிப் பெட்டியை ஒவ்வோர் அடியிலும் நிறுத்திப் பார்த்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. உயரம் குறிக்கக் கொத்தனார் டியூப் லெவல்தான் எடுத்தேன், சுவரைச் சுற்றி அதைவிடச் சரியாக வேறெதுவும் காட்டவில்லை.

வயரிங் பற்றிப் பெரிதாக இல்லை. மீட்டருக்கு ஓர் இடத்தில் கரண்ட் இறக்குங்கள், போதும். ஆனால் இணைப்பு அத்தனையையும் பற்றவைத்துவிடாதீர்கள். மாடி அறை, மேலே நேராகத் தார்சு. ஏப்ரலில் மூன்றாவது சுற்றில் தண்டவாளம் பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது. சில இணைப்பில் இடைவெளி விட்ட பிறகுதான் அடங்கியது. இன்னொன்று, எங்கள் ஊர்ப் பஞ்சு. எஞ்சின் அச்சில் சுற்றிக்கொண்டு, இடுக்கியால் உருவினால் மெல்லிய வெள்ளைத் திரியாக வரும். ஜன்னலுக்கு வலை அடித்த பிறகும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

பழைய சாய்வுப் பலகையைப் பிரிக்கப் போனபோது பெரியவர் தடுத்துவிட்டார். “அது கெடக்கட்டுமுங்க. மேட்டுப்பாளையம் இப்பக் கீழதான இருக்குது?” என்றார். சரிதானே. அந்தச் சுவரில் மேல்தட்டே போடவில்லை. அங்கே ஊட்டி லைனுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம், அந்த மீட்டர்கேஜுக்கு எச்ஓவில் அதுதான் அளவு, நடுவில் பல் தண்டவாளத்தோடு வரப்போகிறது. 12-க்கு 1 ஏற்றம் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிறு பொழுதோட வந்தவர், ஏத்தப் பலகை எங்கே தம்பி என்று கேட்டார். ஏற்றம் எத்தனைக்கு ஒன்று என்று எழுதிப் பாதையோரம் நட்டிருக்கும் பலகை அது. அட்டைத் துண்டும் பேனாவும் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 48 என்று எழுதி, ஹெலிக்ஸ் தொடங்குகிற இடத்தில் தன் கையாலேயே ஒட்டினார்.