40 டிகிரியும் 90 சதவீத ஈரப்பதமும் சேர்ந்து வருமா?

கத்திரி வெயில் தொடங்கியதும் "சென்னையில் 40 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். இரண்டையும் பனிப்புள்ளியாக (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீர்த்துளியாகுமோ, அந்த வெப்பநிலை) மாற்றிப் பாருங்கள்: 38 டிகிரி வரும். உலகத்தில் இதுவரை பதிவான உச்சப் பனிப்புள்ளியே 35தான். 2003 ஜூலை 8 அன்று சவூதியின் தஹ்ரானில். அங்கே பாரசீக வளைகுடா ஆழமில்லாத கடல், கோடையில் நீரே 34, 35 வரை சூடாகும். மே மாத வங்கக் கடல் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கடலிலிருந்து வரும் காற்றுக்கு 38 எங்கிருந்து வரும்? இங்கே 26, 27 என்றாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு எண்ணும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம், நேரம்தான் வேறு. விடியற்காலை 28 டிகிரி, 90 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 26. காற்றில் அதே ஈரம் இருந்து மதியம் 40 ஆனால் ஈரப்பதம் 46-க்கு இறங்கிவிடும். மேற்குக் காற்று அடித்தால் இன்னும் குறையும்.

கணக்கு இதுதான். ஈரப்பதத்தை 100-ஆல் வகுத்து இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுங்கள். அதோடு 17.62 × வெப்பம் ÷ (243.12 + வெப்பம்) கூட்டுங்கள். விடையை 'க' என்று வைத்தால், பனிப்புள்ளி = 243.12 × க ÷ (17.62 − க). விமான நிலையத்தின் மெட்டார் (METAR) எனும் வானிலை அறிக்கையில் இந்த வேலையே இல்லை. 38/24 என்றால் வெப்பம் 38, பனிப்புள்ளி 24. நேரம் மட்டும் உலக நேரம், 5.30 மணி கூட்ட வேண்டும். 0900 என்பது மதியம் 2.30.

✽

வீட்டில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. நிழலில் 36 டிகிரி, 55 சதவீதம் காட்டும் மீட்டரை வெயில் படும் பால்கனியில் வைத்தால் 44, 36 என்று காட்டும். பனிப்புள்ளி இரண்டிலும் 25.5-தான், ஏனென்றால் மீட்டர் சூடானதே தவிர காற்றில் ஈரம் கூடவில்லை. பால்கனியின் 44-ஐயும் செல்போன் செயலியின் 55-ஐயும் கலந்தால்தான் வம்பு: பனிப்புள்ளி 33 ஆகி, சென்னை வளைகுடா நாடாகிவிடும்! மலிவு மீட்டரில் 5 சதவீதப் பிழை சகஜம். 40 டிகிரி, 46 சதவீதத்தில் அந்தப் பிழை பனிப்புள்ளியை ஏறக்குறைய 2 டிகிரி நகர்த்தும். மூடிய டப்பாவில் உப்பை லேசாக ஈரமாக்கி (கரைந்துவிடக் கூடாது) மீட்டரோடு ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அதைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

✽

மீட்டரே இல்லையென்றால் பளபளப்பான எவர்சில்வர் டம்ளர் போதும், கூட ஒரு தெர்மாமீட்டர். பாதி தண்ணீர் ஊற்றி, ஐஸைச் சிறு துண்டுகளாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும்போது நீரின் வெப்பத்தைக் குறியுங்கள். பிறகு ஐஸ் போடாமல் விட்டு, மங்கல் மறையும்போது மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிப்புள்ளி. அவசரப்பட்டு ஐஸை மொத்தமாகக் கொட்டினால் விடை 3, 4 டிகிரி கீழே போகும். மூச்சுக்காற்று டம்ளரில் பட்டால் மேலே போகும். கை தூரம் தள்ளி நின்று பாருங்கள்.