சேறு சோதிக்கக் காசு அனுப்ப முதல்

ஊரவர் எல்லோருக்கும் வணக்கம்.

இறங்குதுறைச் சேற்றில் பார உலோகம் பார்க்கப் பணம் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் ஒரு வாளிச் சேற்றை அள்ளிக் கொடுத்தால் இலக்கம் வரும், அது கூடவா குறைவா என்று ஒருவராலும் சொல்ல ஏலாது.

உலோகம் மணலில் அவ்வளவாக ஒட்டாது, மென்சேற்றில்தான் ஒட்டும். மணற்பாங்கான இடத்தில் ஈயம் கிலோவுக்கு 12 மில்லிகிராம், அலுமினியம் 1 வீதம் என்றும், கண்டலடியில் ஈயம் 30, அலுமினியம் 3 வீதம் என்றும் வையுங்கள். பார்த்த மாத்திரத்தில் கண்டலடிதான் கெட்டதுபோல் இருக்கும். அலுமினியம் மென்சேற்றின் களியோடு வருவதால், ஈயத்தை அதனால் வகுத்துப் பார்த்தால் மணற்பக்கம் 12, கண்டலடி 10. ஆகவே அலுமினியமும் அளக்க வேண்டும். அரசநீரில் (நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை) கரைத்தால் களியின் அலுமினியம் முழுதாக வராது. எல்லா மாதிரிக்கும் ஒரே முறையா என்று கேளுங்கள்.

ஒப்பிட, பாடப்புத்தகங்களில் ஈயத்துக்கு 20 என்று ஒரு சராசரி கிடக்கும். அது களிப்பாறைக்குரியது, எங்களுடையது சுண்ணாம்புத்தரை. நம்பக்கூடியது அதே இடத்தில் முந்திப் படிந்த அடிச்சேறுதான்.

அதற்கு 2 அங்குல எஸ்லோன் பைப் 60 சென்ரிமீற்றர் காணும். வள்ளம் கட்டாத, ஆள் நடக்காத இடத்தில் நேராக 40 சென்ரிமீற்றர் இறக்கி, மேலே விளிம்புவரை நீர் விட்டு, றப்பர் அடைப்பானால் இறுக்குங்கள். காற்றுப் புகுந்தால் இழுக்கும்போது சேறு அப்படியே கீழே போய்விடும். அடிவாய் நீரை விட்டு வெளிவர முதல் கையால் பொத்த வேண்டும். பிறகு 2 சென்ரிமீற்றர் துண்டுகளாக, பிளாஸ்ரிக் கரண்டியால். பைப்பில் பட்ட ஓரச்சேற்றை வீசுங்கள்: மேற்சேறு அதில் இழுபட்டிருக்கும், பைப்பிலேயே ஈயம் இருக்கவும் கூடும். நண்டு வளை விழுந்த துண்டும் உதவாது.

ஆய்வுகூடத்தில் சிப்பித்தூள் அமிலத்தில் பொங்கும். ஒரேயடியாக ஊற்றினால் மாதிரியே வழிந்துவிடும், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கழுவாத உப்பின் குளோரின் உலோகம் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஆசனிக்கைக் கூட்டிக் காட்டும். அந்த ஒன்றைப் பார்த்துப் பதறாதீர்கள். உள்ளடக்கம் தெரிந்த ஒரு நியமச் சேற்றையும் கூடவே ஓட்டி, எத்தனை வீதம் மீண்டது என்று அறிக்கையில் போடுவார்களா என்று முற்பணம் கொடுக்க முதல் கேளுங்கள்.

வலை ஈயம், பழைய பற்றரி, வள்ளத்தடியில் பூசும் மை மூன்றும் துறையடியிலேயே கிடப்பதால், துறையில் மூன்று பைப், அரை மைல் தள்ளி மூன்று பைப் எடுத்தால் போதும். மீன், நண்டு தின்னலாமா என்பதற்கு இந்தச் சோதனை பதில் தராது. அதற்குத் தசையையே அனுப்ப வேண்டும்.