மறுமொழி: அவர்டெட் விஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்க்கும் முறைதான் 'அவர்டெட் விஷன்' (averted vision). நம் குறிப்புத்தாளில் அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு, 'கடைக்கண் பார்வை' என்று குழுவில் ஐயா ஒருவர் சொன்னது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அது பொருந்தாது.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மெக்கார்மிக் வானாய்வகம் மாதத்தின் முதல், மூன்றாம் வெள்ளி இரவுகளில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அங்கே 1885இல் பயன்பாட்டுக்கு வந்த 26 அங்குலத் தொலைநோக்கி இன்றும் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்காகத்தான் இந்தத் தமிழ்க் குறிப்புத்தாள். நிலாவும் சனியும் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்துவிடும். மங்கலான நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு மேகம்) என்றால் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், கண்ணை வைத்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் பார்க்காமல் போகக்கூடாது.

விழித்திரையின் நடுப்புள்ளியில், நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும் கூம்பு செல்கள் மட்டுமே நெருங்கி இருக்கின்றன. மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அதைச் சுற்றித்தான் உள்ளன. அதனால் பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் அது தெரியும். சிக்னஸ் (அன்னம்) விண்மீன் குழுவில் உள்ள என்ஜிசி 6826 என்ற நெபுலாவைச் சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் இது நன்றாகப் புரியும். நேராகப் பார்த்தால் நடுவிலுள்ள விண்மீன் மட்டும் தெரியும். பார்வையை நகர்த்தியதும் அதைச் சுற்றி நெபுலா தோன்றும். திரும்ப நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

இப்போது கடைக்கண்ணுக்கு வருவோம். கடைக்கண்ணால் பார்க்கும்போது தலைதான் வேறு பக்கம் இருக்கிறது. விழி ஓரத்துக்குத் திரும்பி, பொருளை நடுப்புள்ளியிலேயே வாங்கிக்கொள்கிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். 'ஓரக்கண்' என்றாலும் இதே சிக்கல்தான். 'சிறக்கணிப்பு' என்றார் இன்னொருவர். குறளில் உள்ள நல்ல சொல், ஆனால் அதில் கண்ணைச் சுருக்கும் பொருளும் இருக்கிறது. ஐபீஸ் முன்னால் கண் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். 'தள்ளிப் பார்த்தல்' என்று தாளில் போட்டால் ஆளே தள்ளி நிற்பார், இல்லாவிட்டால் தொலைநோக்கியைத் தள்ளுவார்!

என் பரிந்துரை 'விலகுபார்வை'. சுடுசோறு போல வினைத்தொகை. விலகுவது பார்வைதான், ஆள் இல்லை என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'பார்வை விலக்கு' என்று மட்டும் திருப்பிப் போட வேண்டாம், மதுவிலக்கு மாதிரி தடை என்ற பொருள் வந்துவிடும்.

தாளில் இப்படிப் போடலாமா?

"தலையை அசைக்காமல், பொருளுக்குச் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். இது விலகுபார்வை. வலக்கண்ணால் பார்ப்பவர்கள் பொருளுக்கு வலப்பக்கமாகவும், இடக்கண்ணால் பார்ப்பவர்கள் இடப்பக்கமாகவும் பார்க்கவும்."

பக்கம் மாறினால் பொருள் குருட்டுப் புள்ளியில் (விழித்திரையில் ஒளியை உணராத இடம்) விழுந்து அடியோடு மறைந்துவிடக்கூடும், அதனால் அந்தக் கடைசி வரியை யாரும் சுருக்க வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், வரிசையில் நிற்கும்போது கைபேசியைப் பார்க்காதீர்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். இப்படி இருட்டுக்குக் கண் பழகுவதற்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம். 'இருட்பழக்கம்' எப்படி?