பாலாற்று ஊற்றும் எங்கள் கிணறும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருவலம் விவசாயி:

எங்கள் நிலம் திருவலத்துக்குக் கீழே, பொன்னையாறு பாலாற்றில் வந்து சேரும் பக்கம். சின்ன வயதில் சித்திரை வெயிலிலும் ஆற்றில் கையால் மணலைத் தோண்டுவோம். முழங்கை ஆழம் போவதற்குள் ஊற்று கிளம்பிவிடும். கலங்கலை இரண்டு தரம் இறைத்துக் கொட்டினால் தெளிந்துவிடும். அம்மா கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவார். மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத மாதம் அது.

தாத்தா காலத்தில் இதே ஊற்றை நம்பித்தான் நெல் போட்டார்கள். ஆற்று மணலிலேயே நீளமாகக் கால்வாய் வெட்டி, ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் கொண்டுபோனால், கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தானாக வயல் மட்டத்துக்கு வந்துவிடும். ஊற்றுக்கால் என்பார்கள். வெள்ளம் வடிந்ததும் ஊரே சேர்ந்து தூர் வாருமாம். இன்று எங்கள் ஊர் ஊற்றுக்கால் முள்செடிக்குள் ஒரு பள்ளமாகக் கிடக்கிறது.

2021 நவம்பர் வெள்ளத்தில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. எங்கள் திறந்த கிணறு குனிந்து கையால் தொடும் அளவுக்கு நிரம்பியது. அப்போதுதான் ஒரு வேலை செய்து பார்த்தேன். மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் வாங்கி, பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றி மாற்றிப் பிடித்து, ஆற்றுப் படுகையின் மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் பெயின்ட் கோடாகப் போட்டுவிட்டேன்.

மழை நின்று பல வாரம் ஆன பிறகும், கிணற்றுத் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த வரைக்கும் எங்கள் கரை ஓரமாக மெல்லிய ஓட்டம் இருந்தது. நடந்து போனால் சில இடங்களில் மட்டும் கால் சில்லென்று இருக்கும், அடியிலிருந்து ஊற்று ஏறுகிற இடம். கெண்டைக் குஞ்சுகள் அங்கேதான் கூட்டமாக நிற்கும். அப்புறம் கோடைப் பயிருக்குச் சுற்றிலும் போர் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. கிணறு கோட்டுக்குக் கீழே இறங்கிய சில நாட்களில் ஓட்டம் நின்றது, குட்டைகள் வற்றின, குஞ்சுகள் செத்தன. அதுவரை நிலம் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. கோட்டுக்குக் கீழே போனதும் ஆற்றில் இருப்பதை நிலம் உறிஞ்சத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இப்போதெல்லாம் முதல் வெள்ளம் நாலு ஊர் தாண்டுவதற்குள் மணலுக்குள் போய்விடுகிறது.

மணல் அள்ளியதையும் சொல்ல வேண்டும். ஒரு யூனிட் மணல், அதாவது 100 கன அடி, தன் இடுக்குகளில் 800 லிட்டர் தண்ணீராவது பிடித்து வைக்கும். எத்தனை ஆயிரம் லாரி போனது என்று கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். படுகை பள்ளமானால் கரைக் கிணறுகளின் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்கும்.

கணியம்பாடி:

அண்ணா, நாகநதியில் நூறு நாள் வேலைக்குப் போனவள் நான். ஓடையில் கல்லடுக்கி சின்னச் சின்னத் தடுப்பு கட்டினோம். அதற்கு மேல் பக்கம் குழி வெட்டி, சிமென்ட் உறை இறக்கி, கூழாங்கல் போட்டோம். தண்ணீரை நிறுத்தி வைப்பதற்கு இல்லை, உள்ளே இறக்குவதற்கு. ஒரு மழையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகு எங்கள் கொல்லைக் கிணற்றில் மாசியிலும் தண்ணீர் நின்றது. ஓடையில் ஓட்டம் வந்தது அதற்கும் பிறகுதான்.

ஆம்பூர்:

ஐயா, எங்கள் பக்கம் கிணறு ஏறினாலும் பயம்தான். தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், தோலுக்குப் போட்ட உப்பு பல வருஷமாக மண்ணில் இறங்கியிருக்கிறது. தோல் ஷாப்புக் கழிவு பற்றி வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவர்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்ததும் வெளியே போய்விடாது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் கிணறு நல்ல தண்ணீராக இருந்தது, அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்தது. அடுத்த கோடையில் மோட்டார் ஓட ஓட, உள்பக்கத்து உப்புத் தண்ணீர் இழுபட்டு வந்து மறுபடி கரித்தது. எங்கள் தென்னையில் காய் இன்னும் சிறுத்துத்தான் வருகிறது.

திருவலம் விவசாயி:

தம்பி, நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. கிணறு ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது உப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கும். உங்கள் ஆற்றோரக் கிணற்றிலும் படுகை மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். தண்ணீர் எந்த நாளில் கோட்டைத் தாண்டி இறங்குகிறது, எந்த நாளில் கரிக்கத் தொடங்குகிறது, இரண்டையும் குறித்து இங்கே எழுதுங்கள். எங்கள் கிணறு இன்று காலை கோட்டுக்கு இரண்டு முழம் கீழே இருக்கிறது.