கல் தேவாலயத்தில் எட்டுத் தாலாட்டு: சொல் புரியவில்லை, உதவி தேவை

நண்பர்களே, புதுச்சேரியில் ஒரு பழைய தேவாலயத்தில் ஒலி நிறுவல் அமைத்து வருகிறேன். எட்டுப் பாட்டிமார் தனித்தனியே பாடிய தாலாட்டு, குரலுக்கு ஒரு ஸ்பீக்கர். மூன்று குரல் வரை தெளிவு. நாலாவது சேர்ந்ததும் ‘ஆராரோ’ மட்டும்தான் மிஞ்சுகிறது. மாமன் சீர், அத்தை அடித்த அரளிச்செண்டு எல்லாம் கூரையோடு கரைந்துவிடுகின்றன. அந்தச் சொற்களுக்காகத்தான் இந்த வேலையே.

கூடம் 30 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. கை தட்டினால் ஓசை அடங்க 5 நொடி ஆகிறது. ஸ்பீக்கர் ஜெனெலெக் 8030, மென்பொருள் ரீப்பர். பதிவில் செயற்கை எதிரொலி எதுவும் சேர்க்கவில்லை.

200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ரீங்காரம் நிற்கிறது. அதைக் குறைத்தேன், பாட்டிகளின் குரல்தான் மெலிந்தது. சத்தத்தைக் குறைத்தாலும் குழப்பம் அப்படியே. துணி தொங்கவிட்டதில் மேல் ஸ்தாயி மட்டும் மங்கியது. அப்புறம் ஸ்பீக்கர்களைக் காது மட்டத்துக்கு இறக்கினேன். 1 மீட்டரில் நின்றால் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. கணக்குப்படி ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிர்முழக்கமும் சமமாகும் தூரமே இங்கே சுமார் 2 மீட்டர்தான்.

நடுக்கூடத்தில் நிற்பவருக்கும் சொல் புரிய, ஒரு குரலின் வரிக்கும் அடுத்த குரலின் வரிக்கும் இடையே எத்தனை நொடி விட வேண்டும்?