குறும்படத் திரையிடல்: தியேட்டர் காலைக்காட்சியா, கல்யாண மண்டபமா?

மாலைவெயில்

மாவட்ட அளவில் இயங்கும் எல்லாக் குறும்படக் குழுக்களுக்கும் வரும் கேள்வி இது. ஆறு படங்கள், மொத்தம் 80 நிமிடம். எதிர்பார்க்கும் கூட்டம் 80-லிருந்து 120 பேர். கையிலிருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும்: ஊர்த் தியேட்டரின் சின்ன ஸ்கிரீனைக் காலைக்காட்சிக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் எடுக்கலாம், அல்லது கல்யாண மண்டபத்தில் வாடகை புரொஜெக்டரும் மைக்செட்டும் வைத்து மாலையில் போடலாம். எதைச் செய்யலாம்? காரணத்தோடு சொல்லுங்கள்.

கறுப்புச்சட்டகம்

தியேட்டர்தான்.

வாடகைக்குக் கிடைக்கும் புரொஜெக்டர்களில் பல, அலுவலகக் கூட்டத்துக்கென வந்த 1024×768 ரகம். சட்டகம் 4:3. அதில் 16:9 படத்தைப் போட்டால் மேலும் கீழும் பட்டை விழும், படத்துக்கு மிஞ்சுவது 1024×576 பிக்சல். வெளிச்சத்திலும் கால் பங்கு பட்டைக்கே போய்விடும். போதாததற்கு புரொஜெக்டரை ஸ்டூலில் சாய்த்து வைத்து, கோணலைச் சரிசெய்யக் கீஸ்டோனைத் திருகுவார்கள். கீஸ்டோன் லென்ஸை நகர்த்தாது, பிக்சலைத்தான் நசுக்கும். கலர் கரெக்‌ஷனுக்கு மூன்று வாரம் உட்கார்ந்தவருக்கு இது நியாயமா?

ஒலி இதைவிட மோசம். மொசைக் தரை, பூசிய சுவர், 18 அடி உயரக் கூரை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த மூன்று சொல் வந்துவிடும். வசனத்தில் கதை நகரும் படம் அங்கே செத்துப்போகும்.

ஜமுக்காளம்

கறுப்புச்சட்டகம் சார், நீங்க சொன்ன அதே புரொஜெக்டரை வெச்சே கணக்குப் போடுவோம்.

வெளிச்சம் 3000 லூமன்னு பெட்டியில போட்டிருக்கும். பட்டைக்குக் கால் பங்கு போனா 2250. லேம்ப் பழசு, பாதிதான் வருதுன்னு வெச்சுக்குங்க, ஏறக்குறைய 1100. திரை 12 அடி அகலம், 6 அடி 9 அங்குலம் உயரம், அதாவது 81 சதுர அடி. 1100-ஐ 81-ஆல வகுத்தா 13.6 அடி-லாம்பர்ட், அதுதான் திரை வெளிச்சத்தோட அளவு. டிஜிட்டல் தியேட்டருக்கு ஸ்டுடியோக்களோட டிசிஐ அமைப்பு வகுத்த தரமே 14 தான். வெளிச்சம் போதலைங்கிற பேச்சுக்கு இடமே இல்ல. 20 அடிக்குத் திரை கட்டணும்னு ஆசைப்படுறப்பதான் போதாம போகுது.

கீஸ்டோன் விஷயத்துல நீங்க சொல்றது சரி. அதைத் தொடவே கூடாது. லென்ஸ் அகலவாக்குல திரையோட நடுவுக்கு நேரா இருக்கணும், புரொஜெக்டர் மட்டமா உட்காரணும். த்ரோ, அதாவது தூரத்தைத் திரை அகலத்தால வகுத்தா வர்ற எண், 1.5-ன்னா 12 அடித் திரைக்கு 18 அடி தூரம். ஒசரத்துக்கு ரெண்டு சாப்பாட்டு மேஜையை ஒண்ணுமேல ஒண்ணு அடுக்காதீங்க, ஆடும். சாரக்காரர்கிட்ட சவுக்குக் கம்புல ஒரு மேடை கட்டச் சொன்னா அரை மணி நேர வேலை.

ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்குத் தியேட்டருக்கு யார் வருவா? படத்துல வேலை செஞ்சவங்களும் அவங்க சிநேகிதங்களும்தான். படத்துல பாட்டியா நடிச்ச அம்மா, வீட்டை ஷூட்டிங்குக்குக் குடுத்தவங்க, தெருவுல நின்னு பார்த்த பிள்ளைங்க, இவங்க சாயந்திரம் ஏழு மணிக்கு மண்டபத்துக்குத்தான் வருவாங்க. கோழிக்கோட்டுல 1984-ல மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடெசா கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊரா ஜனங்ககிட்ட சின்னச் சின்னத் தொகையா வாங்கி 1986-ல ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தாங்க. அதைத் திரும்ப ஊர் ஊரா எடுத்துட்டும் போனாங்க. தியேட்டர் வாசல்ல காத்து நின்னிருந்தா அது நடந்திருக்காது.

கறுப்புச்சட்டகம்

தோழர், உங்கள் கணக்கு சரி. ஆனால் பாதிக் கணக்குதான். 14 அடி-லாம்பர்ட் என்பது திரையின் வெள்ளை. கறுப்பு என்ன ஆயிற்று?

மண்டபத்தில் வாசல் கதவு, வென்டிலேட்டர், சமையற்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து திரைமேல் 10 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால் போதும். அது ஏறக்குறைய ஒரு அடி-லாம்பர்ட். படத்தின் ஆகக் கறுப்பான இடம்கூட அதற்குக் கீழே போகாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஏறக்குறைய 15-க்கு 1 தான் வித்தியாசம். பகல் காட்சி தப்பித்துவிடும். லாந்தர் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் ஒரு கன்னமும் சுடரும் தெரியும், மற்றதெல்லாம் சாம்பல்.

ஒடெசாவைச் சொன்னீர்கள், மதிப்போடு கேட்கிறேன். பிலிம் புரொஜெக்டரைத் தெரியாதவர் ஓட்ட முடியாது, அதற்கென்று ஆள் பழகியிருக்க வேண்டும். இன்றைய திரையிடலில் அந்த இடத்தில் யார்? லேப்டாப் யாருடையதோ அவர். படம் நடுவில் வாட்ஸ்அப் அறிவிப்பு திரையில் வந்து போகிறது.

ஒலிக்கயிறு

ரெண்டு அண்ணன்களும் படத்தையே பேசுறீங்க. ஒலியைப் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா ஜனங்க எழுந்து போறது அதனாலதான்.

தியேட்டர் எடுத்துட்டா ஒலி தானா நல்லா இருக்கும்னு நம்பாதீங்க. தியேட்டர் ஒலி, ஃபேடர்னு சொல்ற வால்யூம் குமிழ் 7-ல ஒரு சேனலுக்கு 85 டெசிபல்னு அளந்து வைக்கிற முறை. நிறைய இடத்துல அதைவிடக் குறைச்சுத்தான் ஓட்டுறாங்க. ஹெட்போன்ல மிக்ஸ் பண்ணின படத்தை அங்க போட்டா, ஹெட்போன்ல கேக்காத ஏசி இரைச்சல், லேப்பல் மைக் உரசல், ஷாட்டுக்கு ஷாட் மாறுற அறையோட பின்னணிச் சத்தம் (ரூம் டோன்) எல்லாம் பூதக்கண்ணாடில பார்த்த மாதிரி வெளிய வரும்.

மண்டபத்துல வசனம் குழம்புறதுக்குக் காரணம் பாதி சுவர், பாதி மைக்செட் வைக்கிற விதம். மைக்செட்காரர் நாதஸ்வரத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் பழகினவர், 18 அங்குல பேஸ் பெட்டியோட வருவார். அதை வண்டியிலயே வெச்சுடச் சொல்லுங்க. ‘டாப்’னு சொல்ற 12 அங்குல பெட்டி ரெண்டு போதும். திரையோட ரெண்டு பக்கமும், உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு ரெண்டு அடி மேல, சுவரைப் பார்க்காம மூணாவது வரிசையோட நடுவைப் பார்க்கத் திருப்பி வைக்கணும். மிக்ஸர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. 250-லேருந்து 400 ஹெர்ட்ஸ்வரை 3, 4 டெசிபல் இறக்குங்க. கேக்கலைன்னு பின்வரிசை சொன்னா வால்யூமை ஏத்தாதீங்க. ஏத்த ஏத்த எதிரொலிதான் கூடும். 10 மீட்டர் பின்னால ரெண்டு சின்ன பெட்டி வெச்சு, மீட்டருக்கு 3 மில்லிசெகண்டுன்னு 30 மில்லிசெகண்ட் தாமதம் குடுங்க. தரையில ஜமுக்காளம், திரைக்குப் பின்னால கனமான துணி. மீதி எதிரொலியை ஜனக்கூட்டமே உறிஞ்சிக்கும்.

அப்புறம், பலருக்குப் புரியாத கோளாறு ஒண்ணு. 5.1 மிக்ஸ் (ஆறு சேனல் ஒலி, வசனம் நடுச்சேனல்ல) உள்ள ஃபைலை ரெண்டு பெட்டில போட்டா, சில லேப்டாப் அமைப்புல நடுச்சேனல் கழண்டுபோகும். இசை வரும், மழை வரும், வசனம் மட்டும் எங்கயோ கிணத்துக்குள்ள கேக்கும். திரையிடலுக்குத் தனி ஸ்டீரியோ மிக்ஸ் வாங்கிடுங்க. ஆறு படத்தோட சத்தத்தையும் முந்தின நாளே சமப்படுத்தணும். யூடியூபுக்குப் பண்ணினது மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தோட அளவு) பக்கம் இருக்கும், ஒளிபரப்புத் தரத்துல பண்ணினது மைனஸ் 23. இடையில 9 டெசிபல். ரெண்டாவது படம் தொடங்கின உடனே குழந்தைங்க காதைப் பொத்துவாங்க.

‘ம்ம்ம்’னு உறுமல் வந்தா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்னுட்டா எர்த் கோளாறு. லேப்டாப், மிக்ஸர், புரொஜெக்டர் மூணையும் ஒரே போர்டுல இருந்து எடுங்க. அப்பவும் நிக்கலைன்னா லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல டிஐ பாக்ஸ் (எர்த் வழியைப் பிரிக்கிற சின்னப் பெட்டி) ஒண்ணு. எர்த் பின்னை மட்டும் உடைச்சுப் போடாதீங்க, உயிருக்கு ஆபத்து.

கோடைமழை

சட்டம் பற்றி ஒரு குறிப்பு. 1952-ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். குறும்படமா முழுநீளப் படமா, டிக்கெட் உண்டா இல்லையா என்று சட்டம் பிரிப்பதில்லை. தியேட்டரில் கட்டாயம் கேட்பார்கள். மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. 9-ஆவது பிரிவின்படி மத்திய அரசு விலக்கு தரலாம். தேசிய விருதுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் எப்படியும் சான்றிதழ் எடுத்தாக வேண்டும், அதை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்கும் யூஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகியிருக்கிறது. குழந்தைகள் வரும் மாலைக்காட்சியில் படங்களின் வரிசையை அதைப் பார்த்து அமையுங்கள்.

ஜமுக்காளம்

கோடைமழை, நன்றி. இது நம்ம ஆளுங்க எல்லாரும் தட்டிக்கழிக்கிற விஷயம்.

கறுப்புச்சட்டகம் சார், கறுப்பைப் பத்தி நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். அதுக்கு வழி இருக்கு. நம்ம ஊர்ல வெயில் காலத்துல ஆறரைக்கு மேலதான் பொழுது சாயும், அதனால ஏழேகாலுக்கு முன்னால முதல் படத்தைத் தொடங்கவே கூடாது. வென்டிலேட்டருக்குக் கறுப்புத் தார்ப்பாய். சமையற்கட்டுக் கதவுக்கு ரெண்டு மடிப்பு கம்பளி, மாட்டுறதுக்கு முன்னாடி தூசி தட்டிடணும். ‘வெளியே’ போர்டு விளக்கு எரியணும், ஆனா அதோட வெளிச்சம் திரையில படாம அட்டை மறைப்பு.

திரைக்கு ஒத்தை வேட்டித் துணி வேண்டவே வேண்டாம். பாதி வெளிச்சம் பின்பக்கம் போயிடும். வெள்ளைத் துணிக்குப் பின்னால கறுப்புத் துணி வெச்சுத் தெச்சு, ஓரத்துல ஓர் அடிக்கு ஒரு ஐலெட் (உலோக வளையம்) அடிச்சு, இரும்புக் குழாய்ச் சட்டத்துல நாலு பக்கமும் கயித்தால இழுத்துக் கட்டணும். மேல மட்டும் கட்டினா ஃபேன் காத்துல கடல் மாதிரி அலையும். பளபளப்பான ஃபிளெக்ஸ் வேண்டாம், நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு தெரியும். திரையோட அடி விளிம்பு நாற்காலின்னா நாலரை அடி, ஜமுக்காளம்னா மூணு அடி ஒசரம். சப்டைட்டில் வர்ற இடம் அதுதானே.

நீங்க ஒண்ணுக்குப் பதில் சொல்லுங்க. தியேட்டர்ல படம் முடிஞ்சதும் கூட்டத்தைக் கிளப்பி, கூட்டிப் பெருக்கி, அடுத்த காட்சிக்கு விடணும். உரையாடல் எங்க நடக்கும்? பார்க்கிங்லயா?

கறுப்புச்சட்டகம்

நேர்மையான கேள்வி. 80 நிமிடப் படத்தை 65 ஆகக் குறையுங்கள். ஆறு படத்துக்குப் பதில் நான்கு. மீதி நேரத்தில் விளக்கைப் போட்டுப் பேசலாம். ஆறு படம் பார்த்த பார்வையாளர் முதல் படத்தைப் பற்றிப் பேச மாட்டார், அது எந்த இடமாக இருந்தாலும் அப்படித்தான்.

தியேட்டருக்குப் போகிறவர்கள் தவறவிடும் விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். பென்டிரைவில் எம்பி4 கொண்டுபோனால் தியேட்டரில் படத்தை ஓட்டும் சர்வர் எடுக்காது. அதற்கென்று தயாரிக்கும் டிசிபி என்ற ஃபைல் தொகுப்பு வேண்டும். டிசிபி-ஓ-மேட்டிக் இலவச மென்பொருள், அதுவே போதும். சட்டகம் 1.85 (ஃபிளாட்) என்றால் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப் என்றால் 2048×858. உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட், 15 நிமிடப் படத்துக்கு அதிகபட்சம் 28 ஜிபி. பாதி வேகமே கண்ணுக்குப் போதும். 25 ஃபிரேமில் எடுத்த படத்தை 24-இல் ஓட்டினால் 4 சதவீதம் நீளும், பாட்டின் சுருதி இறங்கும். சுருதியைத் திருத்திப் போடுங்கள். டிரைவ் முந்தின நாளே புரொஜெக்‌ஷன் அறைக்குப் போய்ச் சேர வேண்டும், சர்வரில் ஏற்ற நேரம் பிடிக்கும். ஸ்கோப் படத்துக்கு ஃபிளாட் லென்ஸ் அமைப்பு விழுந்தால் சட்டகம் தப்பாகும். ஒவ்வொரு படத்தின் முதல் 30 நொடியை ஓட்டிப் பார்க்காமல் கதவைத் திறக்காதீர்கள்.

தமிழ் சப்டைட்டில் உள்ளவர்கள் கவனிக்க: அதை டிசிபியில் எழுத்தாகத் தனியே சேர்க்காதீர்கள். சர்வர்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். படத்தோடு பதித்துவிடுங்கள்.

ஒலிக்கயிறு

அண்ணே, இது மண்டபத்துக்கும் பொருந்தும். இன்னொண்ணு: ஃபோன்ல எடுத்த படம்னா ஃபிரேம் வேகம் நிலையா இருக்காது. முதல் நிமிஷத்துல உதடும் ஒலியும் சரியா இருக்கும், பத்தாவது நிமிஷத்துல விலகும். எடிட்டிங்குக்கு முன்னாலயே ஹேண்ட்பிரேக்ல நிலையான வேகத்துக்கு மாத்திக்கணும், திரையிடற அன்னிக்கு ஒண்ணும் செய்ய முடியாது. 24, 25, 30 ஃபிரேம் படங்களை ஒரே டைம்லைன்ல ஒட்டி ஒரே ஃபைலாக்காதீங்க, கேமரா நகர்ற இடமெல்லாம் தட்டுத்தட்டா ஓடும். தனித்தனியா வெச்சு, நடுவுல 5 நொடி கறுப்பு. 25 ஃபிரேம் படத்துக்கு லேப்டாப் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸ்ல வைங்க.

மாலைவெயில்

மின்வெட்டு வந்தால்? மண்டபத்துக்கு ஜெனரேட்டர் உண்டு, ஆனால் மாறுவதற்குள் ஒரு நிமிடம் போகிறது.

ஜமுக்காளம்

அந்த ஒரு நிமிஷந்தான் லேம்ப்பைக் கொல்லும். திடீர்னு கரண்ட் போனா உள்ள இருக்கிற ஃபேன் நின்னுடும், லேம்ப் சூடு வெளிய போக வழியில்ல. 300 வாட் புரொஜெக்டருக்கு 1 கேவிஏ யூபிஎஸ். 600 விஏ-ன்னு மலிவா கிடைக்கிறதை நம்பி இறங்காதீங்க. மைக்செட்டை அதுல மாட்டாதீங்க. ஜெனரேட்டரை மண்டபத்துப் பின்சுவரைத் தாண்டி வைக்கச் சொல்லுங்க, ஜன்னலுக்கு நேரா இருந்தா படம் முழுக்க டீசல் சத்தம்.

கறுப்புச்சட்டகம்

மாலைவெயில், நான் இன்னும் தியேட்டர் பக்கம்தான். இரவுக் காட்சி அதிகமுள்ள படம் ஆறில் இரண்டு இருந்தாலும் தியேட்டருக்கே போங்கள். மற்றபடி ஜமுக்காளம் தோழர் சொன்னபடி இருட்டடைக்க ஆளும் அரை நாளும் இருந்தால் மண்டபத்தில் போடுங்கள், நான் மறுக்க மாட்டேன். மாலை ஏழு மணிக்கு, உங்களிடம் உள்ளதிலேயே கறுப்பான ஷாட்டைத் திரையில் நிறுத்தி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நடிகரின் கண் தெரியவில்லை என்றால் எங்கோ ஒரு விளக்கு எரிகிறது. அதைத் தேடி அணைத்த பிறகு கூட்டத்தை உள்ளே விடுங்கள்.

ஜமுக்காளம்

அப்படியே மேலயும் பாருங்க சார். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவுல சீலிங் ஃபேன் இறக்கை வந்துச்சுன்னா, அந்த ஃபேனோட கம்பியைத்தான் சின்னதாக்கணும், திரையை இறக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியனை மத்தியானமே வரச் சொல்லிடுங்க.